பெர்லினை மறுத்தவர்

ஓட்டிலி: தலைய ஆட்டாத அண்ணா. காதுல கத்தரி பட்டா அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது.

லெபெரெக்ட்: நான் ஆட்டல. யோசிக்கறேன்.

ஓட்டிலி: யோசிச்சா எதுக்குத் தலை ஆடணும்? முப்பது வருஷமா நீ உள்ள யோசிச்சது எதுவும் வெளிய தெரிஞ்சதில்லையே.

லெபெரெக்ட்: சொல்லிடப் போறேன், ஓட்டிலி.

ஓட்டிலி: என்னத்த?

லெபெரெக்ட்: சன்னலத் திறந்ததும் முதல் வாக்கியமே அதுதான். "மாணவர்களே, தீப்பந்தத்த அணைச்சுட்டு வீட்டுக்குப் போங்க. பெர்லின் பல்கலைக்கழகம் என்னைக் கூப்பிடவே இல்ல."

ஓட்டிலி: நல்லா இருக்கு. பேண்டு வாசிக்கறதுக்கு முன்னாடியா, வாசிச்சு முடிச்சப்புறமா?

லெபெரெக்ட்: விளையாடாத.

ஓட்டிலி: முன்னாடியே சொல்லிடு. ட்ராம்போன்காரருக்கு வயசாயிடுச்சு, மூச்சாவது மிஞ்சும்.

லெபெரெக்ட்: பந்த ஊர்வலம் யாருக்கு நடத்துவாங்க? வேற ஊர்ப் பல்கலைக்கழகம் கூப்பிட்டு, 'வரல, என் ஊரே போதும்'னு சொன்ன புரொஃபசருக்கு. கூப்பிடாத ஊருக்குப் போகாததுக்கெல்லாம் ஊர்வலம்னா, நம்ம தெரு முனையில படுத்திருக்கே அந்தக் கறுப்பு நாய், அதுக்கும் நடத்தணும். அதுவும்தான் பெர்லினுக்குப் போகல.

ஓட்டிலி: அது புத்தகம் எழுதலையே.

லெபெரெக்ட்: என் புத்தகத்தப் படிச்சவன விட அது குரைச்சதக் கேட்டவன் அதிகம்.

ஓட்டிலி: குனி. பின்னங்கழுத்து... சரி, ஒன்னு கேக்கறேன். "என்னை பெர்லின்ல கூப்பிட்டாங்க"ன்னு நீ யார்கிட்டயாவது சொன்னியா?

லெபெரெக்ட்: இல்ல.

ஓட்டிலி: நான் சொன்னேனா?

லெபெரெக்ட்: ...தெரியல. சொன்னியா?

ஓட்டிலி: சொல்லல.

லெபெரெக்ட்: அப்ப ஊருக்கு யார் சொன்னது?

ஓட்டிலி: ஊருக்கு யாராவது சொல்லணுமா? பெர்லின்லேர்ந்து ஒரு பெரிய மனுஷர், உயரத் தொப்பி, கறுப்புக் கோட்டு, மூணு தடவை ஒரு புரொஃபசர் வீட்டுப் படியேறினா, இந்த ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான். கல்வி அமைச்சகத்துலேர்ந்து ஆள் வந்தாச்சு. வேற எதுக்கு ஒருத்தர் இந்த ஊருக்கு வருவார்? காத்து வாங்கவா? ஆத்தங்கரை பூரா தோல் பதனிடற நாத்தம்.

லெபெரெக்ட்: மூணாந் தடவை வந்து போனப்புறம் நான் பெட்டி கட்டல. உடனே, "மறுத்துட்டார்!"

ஓட்டிலி: பெட்டி கட்டாததும் ஒரு பதில்தானே.

லெபெரெக்ட்: மூணு வாரமா தெருவுல எவனெவனோ தொப்பியத் தூக்கறான். நானும் பதிலுக்குத் தூக்கிட்டே போறேன். ஒவ்வொரு தடவை தூக்கினதும் ஒரு பொய்.

ஓட்டிலி: தொப்பி தூக்கறது மரியாதைண்ணா. அதுக்குள்ளயும் தத்துவத்தத் திணிக்காத. வெயிலுக்குத் தூக்கினா என்ன, மனுஷனுக்குத் தூக்கினா என்ன.

லெபெரெக்ட்: உனக்குப் புரியல. நான் எழுதின ஒரே புத்தகம் எதப் பத்தி?

ஓட்டிலி: தெரியும். மறுப்பப் பத்தி.

லெபெரெக்ட்: மனுஷன் சுதந்திரமா இருக்கற ஒரே இடம், அவன் 'வேண்டாம்'னு சொல்ற இடம். ஆமாம்னு எந்த மாடும் சொல்லும்.

ஓட்டிலி: எந்த மாடு? எப்பச் சொல்லுச்சு?

லெபெரெக்ட்: ஓட்டிலி...

ஓட்டிலி: இல்ல, கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்.

லெபெரெக்ட்: புத்தகம் வந்து எட்டு வருஷம். ஒருத்தன் சீண்டல. இப்ப திடீர்னு இந்தப் பசங்களுக்கு வெறி. ஏன்? "மறுப்புதான் விடுதலைன்னு எழுதினவர், பெர்லினையே மறுத்துட்டார். எழுதினபடி வாழறார்!" என் வகுப்புல உக்கார இடமில்ல. சன்னல் விளிம்புல உக்காந்து எழுதிக்கறான். நான் என்னத்த மறுத்தேன்? எனக்கு யாரு என்னத்தக் குடுத்தா, நான் வேண்டாம்னு சொல்ல?

ஓட்டிலி: போன வாரம் முள்ளங்கி சூப்ப வேண்டாம்னே.

லெபெரெக்ட்: அதுக்குப் பந்தம் புடிக்கச் சொல்லு.

ஓட்டிலி: சரி, சொல்லு. சன்னல்ல நின்னு உண்மையச் சொல்லு. நாளைக்கு என்ன ஆகும்? ஊரே சிரிக்கும். அது கூடப் பரவால்ல. முழுப் புரொஃபசர் பதவி இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. 'இவரையும் விட்டுட்டா நாம கெட்டோம்'னு பயந்துதானே குடுக்கறாங்க? இருவது வருஷமா துணைப் பேராசிரியர்ங்கற பேர வச்சு நாக்க வழிச்சோம். பசங்க குடுக்கற வகுப்புக் கட்டணத்துல கோட்டு வாங்கினா விறகு இல்ல, விறகு வாங்கினா கோட்டு இல்ல.

லெபெரெக்ட்: உனக்கு எப்பவும் விறகுதான்.

ஓட்டிலி: உனக்குக் குளிர்றப்ப உனக்கும் விறகுதான். நிமிரு. கத்தரி வேலை முடிஞ்சுது. கழுத்துப்பட்டியக் கொண்டா.

லெபெரெக்ட்: உண்மையச் சொல்லலன்னா நான் வேற என்ன பேசறது?

ஓட்டிலி: உன் கதையச் சொல்லு. மாணவர் தலைவன் அதத்தானே பேசப் போறான்... 'ஆசானின் சிந்தனை கடந்து வந்த பாதை.' நீயும் அதையே திருப்பிச் சொல்லு. ஒத்திகை பாரு. நான் கேக்கறேன்.

லெபெரெக்ட்: நீ கேக்க மாட்ட. குறுக்க பேசுவ.

ஓட்டிலி: பேச மாட்டேன்.

லெபெரெக்ட்: ம்ம்... "மாணவ நண்பர்களே. நான் ஒரு கிராமத்துப் போதகரின் மகன். பத்தொன்பது வயதில் இறையியல் படித்துக்கொண்டிருந்தபோது, நீண்ட உள்போராட்டத்தின் முடிவில், நம்பிக்கையின் எல்லையை..."

ஓட்டிலி: உள்போராட்டமா!

லெபெரெக்ட்: பாத்தியா.

ஓட்டிலி: கிறிஸ்துமஸ் அன்னிக்கு அப்பா உன்னைப் பிரசங்க மேடையில ஏத்தினார். "அன்பானவர்களே"ன்னே. அதோட நின்னுட்டே. அடுத்த வார்த்தை வரல. ஆர்கன்காரர் பாவம் பாத்து வாசிக்க ஆரம்பிச்சார்.

லெபெரெக்ட்: அந்த மௌனத்துலதான் எனக்குக் கடவுள் இல்லாமப் போனார்.

ஓட்டிலி: உனக்குப் பேச்சு இல்லாமப் போச்சு. கடவுள் முன் வரிசையில நம்ம அத்தைக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தார். அத்தை நகந்து இடம் விட்டா, நான் பாத்தேன்.

லெபெரெக்ட்: அடுத்தது. "பிறகு தலைநகரில், மாபெரும் ஒழுங்கமைப்பைக் கட்டியவர்களின் காலடியில் அமர்ந்தேன். உலகம் முழுதும் ஒரே பேரறிவின் நடை, ஒவ்வொன்றும் தன்னைத் தானே மறுத்து உயர்ந்த நிலைக்குச் செல்கிறது என..."

ஓட்டிலி: வாத்து.

லெபெரெக்ட்: வாத்தப் பத்திப் பேசாத.

ஓட்டிலி: விடுமுறைக்கு வந்தே. மேசையில பொரிச்ச வாத்து. "இது இப்போ தன்னையே மறுத்து உயர்ந்த நிலைக்குப் போகுது"ன்னே. அப்பா ரெண்டு காலையும் தன் தட்டுக்கு எடுத்துக்கிட்டு, "நானே அனுப்பி வைக்கறேன்"னார். உனக்குக் கழுத்துதான் மிஞ்சுச்சு.

லெபெரெக்ட்: அந்தக் கழுத்துலதான் எனக்கு முதல் சந்தேகம் வந்துச்சு.

ஓட்டிலி: இத சொல்லு! இத சன்னல்ல சொல்லு. சிரிப்பாங்க, கை தட்டுவாங்க... யாரோ கதவத் தட்டறாங்க. இந்தத் தட்டு பல்கலைக்கழகச் சேவகர் ட்ரெப்டோவ்தான். கைத்தடியால தட்டறவர் அவர் ஒருத்தர்தான். உள்ள வாங்க!

ட்ரெப்டோவ்: புரொஃபசர் ஐயா, வணக்கம். அம்மா, வணக்கம். இருட்டினதும் கிளம்பறாங்க. மார்க்கெட் வழியா வந்து, தேவாலயத்தச் சுத்தி, நேரா உங்க சன்னலுக்கு. தீ விழுந்தா அணைக்க வாளியில தண்ணி வச்சாச்சு. பல்கலைக்கழகத் தலைவர், ரெக்டர் ஐயா சொல்லச் சொன்னார், கையெழுத்தாகி வந்திருச்சு. மத்தியானத் தபால்ல.

ஓட்டிலி: எது? முழுப் புரொஃபசரா?

ட்ரெப்டோவ்: முழுப் புரொஃபசர்தான் அம்மா. என் வாயால முதல்ல சொல்றேன்னு எனக்கு ஒரு பெருமை.

ஓட்டிலி: அப்பாடா... உக்காருங்க. ஒரு வாய் காப்பி.

ட்ரெப்டோவ்: நேரமில்லம்மா. ஒரு சின்ன விஷயம் கேட்டுட்டுப் போறேன். மாணவர் தலைவன் பேச்சுல சேக்கணுமாம்... பெர்லின்லேர்ந்து வந்தாரே அந்த அதிகாரி, அவர் பேரு, பதவி?

ஓட்டிலி: அது... அதெல்லாம் எதுக்கு...

லெபெரெக்ட்: பேரு க்வாண்ட். குளிர்காலக் கணப்புக்குப் பதிக்கற ஓடு செய்யறவர். பெர்லின்ல பெரிய சூளை வச்சிருக்கார்.

ட்ரெப்டோவ்: ஹா! ஹா! ஓடு!

லெபெரெக்ட்: நான் உண்மையத்தான் சொல்றேன்.

ட்ரெப்டோவ்: புரியுது ஐயா. அரசாங்க ரகசியம். எனக்குப் புரியுது. நாப்பது வருஷம் சேவகம் பண்ணினவன். அமைச்சரோட ஆள் ஓட்டு வியாபாரியாத்தான் வருவார், வேற எப்படி வருவார்!

ஓட்டிலி: நீங்க கெட்டிக்காரர், ட்ரெப்டோவ்.

ட்ரெப்டோவ்: எனக்குக் கண்ணு உண்டும்மா. மனுஷர் மார்க்கெட்ல கையுறை வாங்கினார், பொம்பளைங்க போடறது. நல்ல குடும்பஸ்தர். கடைக்காரி அளவு கேட்டா, முழிக்கறாராம். சின்னக் கையா பெரிய கையான்னா, "மாவு பிசையற கை"ன்னாராம்! அமைச்சகத்துக்காரர் வீட்டு அம்மா மாவு பிசையறா பாருங்க. அந்தக் காலத்து நல்ல மனுஷங்க.

லெபெரெக்ட்: நல்ல மனுஷர்தான்.

ட்ரெப்டோவ்: வரேன் ஐயா. ரெண்டு சன்னல் கதவையும் திறந்து வைங்க. ஒன்னத் திறந்தா பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. வரேம்மா.

ஓட்டிலி: ...என்ன பாக்கற?

லெபெரெக்ட்: ஒன்னுமில்ல. உண்மைய அப்படியே சொன்னேன். அவன் நம்பல.

ஓட்டிலி: பாத்தியா? உன் உண்மைக்கு ஊர்ல மரியாதை அவ்வளவுதான். முழுப் புரொஃபசர்! அண்ணா... வாழ்த்துக்கள். கட்டிப் பிடிச்சுக்கவா?

லெபெரெக்ட்: பிடிச்சுக்கோ. கையில மாவு இல்லையே?

ஓட்டிலி: ...என்ன சொன்ன?

லெபெரெக்ட்: ஒத்திகைய விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிப்போம். "ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு, புரட்சியில் தெருவெல்லாம் தடுப்பு எழும்பிய ஆண்டு. அன்று ஆன்மா என்று ஒன்றில்லை, உடம்பின் சூடு மட்டுமே உண்டு என்ற முடிவுக்கு வந்தேன்..."

ஓட்டிலி: அந்தக் குளிர்காலம் நம்ம வீட்டுல விறகு தீந்துபோச்சு. சூடுதான் எல்லாம்னு எனக்கே தோணுச்சு. நான் அத உன்னை மாதிரி கட்டுரையா எழுதல. பக்கத்து வீட்டுல ரெண்டு கட்டை கடன் வாங்கினேன்.

லெபெரெக்ட்: க்வாண்ட் முதல் தடவை வந்தப்ப அந்தக் கட்டுரையப் படிச்சுட்டு அதப் பத்தித்தான் பேசினார். சூட்டப் பத்தி அவருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது. ஓடு எப்படிச் சூட்டப் புடிச்சு வச்சு ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா விடுதுன்னு சொன்னார்.

ஓட்டிலி: நீ ரெண்டு மணி நேரம் அவருக்குப் பாடம் எடுத்தே. மனுஷர் காப்பியத் தொடல.

லெபெரெக்ட்: நீ மறுபடி சுட வச்சுக் குடுத்தியே.

ஓட்டிலி: விருந்தாளி. குடுக்காம?

லெபெரெக்ட்: ரெண்டாந் தடவை வந்தப்ப நான் வகுப்புல இருந்தேன்.

ஓட்டிலி: அவருக்குத் தெரியாம வந்துட்டார்.

லெபெரெக்ட்: மூணாந் தடவையும் நான் வகுப்புக்குப் போயிருந்தேன்.

ஓட்டிலி: ...மறந்திருப்பார். அடுத்த கட்டத்தச் சொல்லு. மறுப்பு. புத்தகம். அதான் முக்கியம்.

லெபெரெக்ட்: "கடைசியாக, என் சொந்த வழியைக் கண்டேன். ஏற்பவன் பிறருக்கு ஆளாகிறான். மறுப்பவனே தனக்கு ஆளாகிறான். இந்த உண்மை எனக்கு ஒரு வசந்த கால மதியத்தில்..."

ஓட்டிலி: ஹெட்விக் வீட்டுத் தோட்டத்துல.

லெபெரெக்ட்: ஆமா.

ஓட்டிலி: நீ கட்டிக்கறியான்னு கேட்டே. அவ வேண்டாம்னா.

லெபெரெக்ட்: ஆமாண்டி. அவ வேண்டாம்னு சொன்னப்ப அவ முகத்தப் பாத்தேன். அவ்வளவு தெளிஞ்ச முகத்த நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. அவளுக்கு இருந்த அந்தச் சுதந்திரம் எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லைன்னு தோணுச்சு. வீட்டுக்கு வந்து எழுத உக்காந்தேன்.

ஓட்டிலி: இத நீ என்கிட்ட சொன்னதே இல்ல.

லெபெரெக்ட்: நீ கேலி பண்ணுவ.

ஓட்டிலி: பண்ணுவேன். நாளைக்குப் பண்றேன்.

லெபெரெக்ட்: இப்ப நான் ஒன்னு கேக்கறேன். ரொட்டிக்கடைக்காரி உன்கிட்ட என்ன கேட்டா?

ஓட்டிலி: எப்ப?

லெபெரெக்ட்: வதந்தி கிளம்பின அன்னிக்கு.

ஓட்டிலி: பெர்லின்காரர் எதுக்கு அடிக்கடி வர்றார்னு கேட்டா.

லெபெரெக்ட்: நீ?

ஓட்டிலி: பெருமூச்சு விட்டேன்.

லெபெரெக்ட்: பெருமூச்சா?

ஓட்டிலி: பெரிசா ஒன்னு விட்டேன். "என்னத்தச் சொல்ல, அண்ணனோட எதிர்காலம்"னேன். அவ்வளவுதான். மீதிய அவ பாத்துக்கிட்டா. நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல.

லெபெரெக்ட்: இந்தப் பல்கலைக்கழகம் தப்பான ஆளுக்குப் பதவி குடுத்திருக்கு.

ஓட்டிலி: கோவமா?

லெபெரெக்ட்: இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும்.

ஓட்டிலி: எது தெரியும்?

லெபெரெக்ட்: அவர் மூணாந் தடவை வந்தன்னிக்கு வகுப்பு நடக்கல. மூணு பேராவது வந்தாத்தான் வகுப்புங்கறது விதி. ரெண்டு பேர் வந்தாங்க. அதுலயும் ஒருத்தன் குளிர் காய வந்தவன். திரும்பி வந்துட்டேன். நடையில நின்னேன். சமையலறைப் பேச்சு அடுப்புக் குழாய் வழியா நடை பூராக் கேக்கும், உனக்கே தெரியும்.

ஓட்டிலி: ...என்ன கேட்டுச்சு?

லெபெரெக்ட்: அவர் உன்னைக் கட்டிக்கறேன்னு கேட்டார். அழகா எல்லாம் கேக்கல. "எனக்கு அம்பத்தாறு வயசு, வீடு சூடா இருக்கும்"னார். எனக்குப் புடிச்சிருந்துச்சு.

ஓட்டிலி: நான் சொன்னதும் கேட்டுதா?

லெபெரெக்ட்: "அண்ணனை விட்டுட்டு நான் எப்படி வருவேன்"னே.

ஓட்டிலி: அதுக்கப்புறம்?

லெபெரெக்ட்: அதுக்கப்புறம் நிக்கல. ஒட்டுக் கேக்கறது கேவலம்னு, ஆத்தங்கரைப் பக்கம் போயிட்டேன். நாத்தத்துல நடந்தேன். அன்னிலேர்ந்து நான் வாயத் திறக்காம இருக்கறது பதவிக்காக இல்ல, ஓட்டிலி. 'என்னை யாரும் கூப்பிடல'ன்னு நான் சொல்லிட்டா, 'பின்ன அந்த ஆள் யாருக்காக வந்தான்'னு ஊர் உன்னைப் பிடிச்சுக்கும்.

ஓட்டிலி: கொஞ்சங்கூடப் பதவிக்காக இல்லையா?

லெபெரெக்ட்: ...கொஞ்சம். தொப்பி தூக்கறது நல்லாத்தான் இருந்துச்சு.

ஓட்டிலி: பேண்டு சத்தம் கேக்குது. மார்க்கெட் தாண்டிட்டாங்க. கோட்டுப் பொத்தானப் போடு.

லெபெரெக்ட்: நீயே போடு. ஓட்டிலி, நான் முடிவு பண்ணிட்டேன். மறுப்பப் பத்தி எழுதினவன் நான். மறுத்தது நீ. அம்பத்தோரு வயசுல ஒரு நல்ல மனுஷர் வந்து கேட்டும், எனக்காக பெர்லின மறுத்தவ நீ. சன்னல்ல அதத்தான் சொல்லப் போறேன். "பெர்லினை மறுத்தவர் இந்த வீட்டில் உண்டு. அது நானல்ல. பந்தங்களைச் சமையலறைச் சன்னலுக்குத் திருப்புங்கள்." ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். என் பாடத்த வாழ்ந்து காட்டினது என் தங்கச்சி.

ஓட்டிலி: ஐயோ, வேண்டாம்.

லெபெரெக்ட்: வெக்கப்படாத.

ஓட்டிலி: வெக்கமில்ல. தப்பு.

லெபெரெக்ட்: எது தப்பு?

ஓட்டிலி: ஒட்டுக் கேக்கறதுன்னு வந்தா முழுசா நின்னு கேக்கணும். பாதியில விட்டுட்டுப் போறதே உன் புத்தி. பிரசங்கத்துலேர்ந்து இப்படித்தான்.

லெபெரெக்ட்: என்ன... வேற என்ன சொன்ன?

ஓட்டிலி: சன்னலுக்குக் கீழ வந்துட்டாங்க. ரெண்டு கதவையும் திற.

லெபெரெக்ட்: முதல்ல நீ சொல்லு, அப்புறம் திறக்கறேன்!

ஓட்டிலி: "அண்ணனை விட்டுட்டு நான் எப்படி வருவேன், அவனுக்கு ஒரு சமையக்காரி வைக்கக்கூடச் சம்பளம் இல்ல, மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வர்றேன்"னேன். அந்த வழியத்தான் ரொட்டிக்கடையில பண்ணினேன். இன்னிக்கு மத்தியானம் கையெழுத்தாகி வந்துருச்சு... பாரு, உன் பேரச் சொல்லிக் கூப்பிடறாங்க. போய் நில்லு. நல்லாப் பேசு. என் பேர மட்டும் எடுக்காதண்ணா... இவ்வளவு பந்தமும் பெர்லினுக்குப் போகாதவங்களுக்குத்தான். நான் வெள்ளிக்கிழமை போறேன்.